கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த படலம்

மூலக்குளம், புதுச்சேரி.
சர்வசித்து வருஷம், ஐப்பசி 4, ஞாயிற்றுக்கிழமை, விஜயதசமி.
(21.10.2007)

சகல புரதங்களுக்கும் ஜாதகம் கணிப்பவளும், என் உடன்பிறந்தாள் அமிர்தவல்லி பெற்ற ஒரே செல்வமும், ஆராய்ச்சி என்ற பெயரில் நாலு வருஷமாக எங்கள் வீட்டு ஹாலைப் பாதி பிடித்துக்கொண்டிருப்பவளும், தற்சமயம் ஐந்து வாரப் பயிற்சிக்காகப் பெங்களூர் நகரை அலங்கரிப்பவளுமாகிய மருமகள் ஹேமலதாவுக்கு, தண்ணீர்த் தொட்டி பம்ப் ஹவுஸில் முப்பத்தோரு வருஷம் மோட்டார் ஓட்டி, பாதிப் புதுச்சேரியைக் குளிக்க வைத்து ஓய்வுபெற்ற உன் தாய்மாமன் தணிகாசலம் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அத்தை செல்வாம்பாள் என்னைவிட நலம். மழை பெய்து ஓய்ந்ததில் கொசுக்கள் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே உன் நலம், உன் இருமலின் நலம், விடுதிச் சாப்பாட்டின் நலம் எல்லாவற்றுக்கும் பதில் போடு. உன் கம்ப்யூட்டரின் நலத்தை மட்டும் கேட்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

இன்று காலை ஏழு மணிக்கு வழக்கம்போலக் கூப்பிட்டு, "மாமா, மிஷின் ஓடுதா?" என்று கேட்டாய். "ஓடுது கண்ணு, குதிரை மாதிரி ஓடுது" என்றேன். ஹேமா, அது ஓடவில்லை. குதிரை மாதிரியும் இல்லை, கழுதை மாதிரியும் இல்லை. நேற்று முற்பகல் பத்தே முக்காலுக்கு அதை நிறுத்தியாயிற்று. இருபத்துநாலு நாள் ஓட்டம் போயிற்று. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ அழுதால் எனக்குக் கேட்கும், திட்டினாலும் கேட்கும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை பார். உன்னோடு படிக்கிற விஜயராகவன் கடைசி வாரப் பயிற்சிக்கு இன்று சாயங்காலம் பெங்களூர் பஸ் ஏறுகிறானாமே, உன் ஸ்வெட்டரை வாங்கிப் போக ஆறு மணிக்கு வருவான், அவன் கையில் கொடுத்தனுப்பத்தான் மூச்சு விடாமல் எழுதுகிறேன். யார் நிறுத்தியது என்பதை முறைப்படி, கால வரிசைப்படி சொல்கிறேன். அவசரப்பட்டு அத்தையைச் சந்தேகப்படாதே. கொஞ்சம் சந்தேகப்படலாம்.

நீ புறப்பட்ட அன்றைக்கு வாசலில் ஆட்டோவை நிற்க வைத்துவிட்டு நாலாவது தடவையாகச் சொன்னாயே, அது எனக்கு மனப்பாடம். "மாமா, பேர் தெரியாத மூணு பேர், பத்திரிகைக்கு அனுப்புன என் ஆராய்ச்சிப் பேப்பரைப் படிச்சிருக்காங்க. ரெண்டு பேர் சரின்னுட்டாங்க. மூணாவது ஆள் மட்டும், நீ ப்ரோகிராமுக்குப் படிக்கக் கொடுத்த கணக்கையே பரீட்சையிலயும் கேட்டிருக்க, அதான் நல்ல மார்க் வந்திருக்குது, வேற கேள்வி போட்டுத் திரும்ப நடத்துன்னுட்டார். இது ஓடி முடிக்க ஒரு மாசம் ஆவும். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள பதில் போவலைன்னா பேப்பரைத் தூக்கிப் போட்டுடுவாங்க. பேப்பர் இல்லைன்னா பட்டம் இல்லை. யாரு இன்னா சொன்னாலும் இதை அணைச்சுடாதீங்க." நான் மார்பில் கை வைத்து, "என் உயிர் நின்னாலும் இது நிக்காது" என்றேன். ஜூலை பதினாலாம் தேதி மெடல் குத்திக்கொண்டு கடற்கரையில் நிற்கிற, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள்கூட அவ்வளவு விறைப்பாக நின்றிருக்க மாட்டார்கள்.

காவல் காத்தேனா என்று கேள், காத்தேன். நீ சொல்லாமலே ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி, பம்ப் ஹவுஸில் மணிக்கு மணி பிரஷர் ரீடிங் எழுதுவோமே, அதே மாதிரி கோடு போட்டு, தேதி, மணி, திரையில் தெரிகிற எண், மின்சாரம் இருந்ததா இல்லையா, ஓட்டுநர் கையொப்பம் என்று ஐந்து கட்டம் வைத்து, தினம் காலை ஆறு முதல் ராத்திரி ஒன்பது வரை எழுதி வந்தேன். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாய் அல்லவா, இந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல ஃபேன் அது. உன் அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டே, "கட்டிக்கினு வந்து முப்பத்தாறு வருஷம் ஆவுது, ஒருநாளாச்சும் எனக்கு இப்படி ஃபேனைத் திருப்பி வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள். "நீ சூடாயிட்டா நின்னுட மாட்ட, இது நின்னுடும்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் குழம்பில் உப்பு இல்லை.

நோன்பு மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது சாயங்காலம் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பெட்டி இருபது நிமிஷம் தாங்கும் என்று நீ சொல்லியிருந்தாய். அது தாங்கியது என்னவோ உண்மை, ஆனால் தாங்குகிற அத்தனை நேரமும் தாங்க முடியவில்லை என்று கத்திக்கொண்டே தாங்கியது. பத்து நிமிஷம் ஆனதும் எனக்கு வியர்த்துப்போய், சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "பாய்! பாய்!" என்று நான் போட்ட சத்தம் வில்லியனூர் வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு ஷஹாபுதீன் பாய், நீதான் பார்த்திருக்கிறாயே, பந்தல், சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர், அப்போதுதான் நோன்பு திறந்து கஞ்சியை வாயில் வைத்திருக்கிறார். யாருக்கோ நெஞ்சுவலி என்று நினைத்துக் கிண்ணத்தோடு சுவரில் ஏறிவிட்டார். "யாருக்குண்ணே?" என்றார். "புரதத்துக்கு!" என்றேன். அந்த மனுஷன் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கிண்ணத்தைச் சுவர் மேலேயே வைத்துவிட்டு இறங்கி, வீராம்பட்டினம் தேரை இழுக்கிற மாதிரி ஜெனரேட்டரை இழுத்து வந்து, ஜன்னல் வழியாக ஒயரைக் கொடுத்தார். பத்தொன்பதாவது நிமிஷம் விளக்கு எரிந்தது. அவர் சம்சாரம் ஜஹபர் நிஷா அந்தப் பக்கத்திலிருந்து, "அறுபது வயசுல சுவரேறுறதுக்கு வெக்கமா இல்லையா? அந்த வீட்டுல மிஷினு விழுந்தா தூக்கி வெச்சுக்கலாம், இந்த வீட்டுல நீங்க விழுந்தா யாரு தூக்குறது?" என்று கேட்டதை எல்லாம் நோட்டில் எழுதவில்லை. "மின்சாரம்: பாய்" என்று மட்டும் எழுதினேன்.

சும்மா எண் எழுதிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதே, உன் சாஸ்திரத்தையும் கற்றுக்கொண்டேன். நீ எனக்கு ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், புரதம் என்றால் இருபது தினுசு மணியில் கோத்த மாலை, மாலை கோத்து முடித்த பிறகு உடம்பு அதில் சில மணிக்கு மட்டும் ஒரு பொட்டு வைக்கும், பொட்டு வைத்தால் அது வேலைக்குக் கிளம்பும், பொட்டை எடுத்தால் உட்கார்ந்துவிடும், பொட்டு தப்பான இடத்தில் விழுந்தால் பெரிய பெரிய வியாதி எல்லாம் வரும், எந்த மணிக்குப் பொட்டு விழும் என்று இடப்பக்கம் ஏழு மணி, வலப்பக்கம் ஏழு மணியைப் பார்த்தே சொல்லுவது உன் ப்ரோகிராம் என்று. நான் அதை நம் தெருவுக்குப் போட்டுப் பார்த்தேன். பாய் வீட்டுக்கு இடப்பக்கம் ஏழு வீடு, வலப்பக்கம் ஏழு வீடு பார்த்தேன், ஒன்பது வீட்டில் இரும்புக் கேட்டுக்கு நீலப் பெயின்ட். "பாய், பெருநாளைக்குள்ள உங்க கேட்டு நீலமாவும்" என்றேன். ஆயிற்று. அடுத்து, கடைசி வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் இன்வெர்ட்டர் வாங்குவார் என்று கணித்தேன். அவர் நாய் வாங்கினார். அது என்னைத்தான் முதலில் கடிக்க வந்தது. ஐம்பது சதவீதம். உன் மூணாவது ஆள் ஒத்துக்கொள்ள மாட்டான், தெரியும்.

இப்படி இருபத்துமூன்று நாள் போயிற்று. நேற்று சரஸ்வதி பூஜை. காலையிலேயே உன் அத்தை அரிவாள்மணை, கிரைண்டர், தையல் மிஷின், என் ஸ்கூட்டர், ஸ்பேனர் பெட்டி, உன் புத்தகம் பதினாறு எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு ஹாலுக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, இதை நிறுத்துங்க."

"எதை?"

"பொண்ணு மிஷினைத்தான். கவர்மெண்ட் ஆபீசுக்கே இன்னைக்கு லீவு. அருவாமனைக்கு லீவு, கிரைண்டருக்கு லீவு. இது இன்னா பாவம் பண்ணிச்சு? மூச்சு வாங்க வாங்க ஓடிக்கினு கெடக்குது."

"நிறுத்தக் கூடாதுன்னு பாப்பா சொல்லிட்டுப் போயிருக்குதுடி. அப்படியே ஓடட்டும், ஓடுறதுக்கே பொட்டு வெச்சிடு."

"ஓடுற கிரைண்டர்ல பொட்டு வெப்பீங்களா?"

நான் நோட்டைக் கையில் எடுத்தேன். "புரதத்துக்கே பொட்டு வெக்கிற மிஷினுன்னு ஊரெல்லாம் சொல்றீங்க, அதுக்கு ஒரு பொட்டு வெக்க மாட்டீங்களா? படைக்காம விட்டு, நாளைக்கு அந்த மூணு பேரும் பொண்ணோட பேப்பரைத் தள்ளிட்டாங்கன்னா, அப்ப இன்னா பண்ணுவீங்க? நோட்டைக் காட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஹேமா, இங்கேதான் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். அத்தை சொன்னதால் மட்டும் இல்லை. முப்பத்தோரு வருஷமும் ஆயுத பூஜை அன்றைக்குப் பம்ப் ஹவுஸில் மோட்டாரை நிறுத்துவோம். அரை மணி நேரம் ஊரில் குழாய் பேசாது. துடைத்து, பூசணிக்காய் உடைத்து, பொட்டு வைத்து மறுபடி ஓட்டுவோம். விட்ட இடத்திலிருந்து தண்ணீர் வரும். ஒரு வருஷம் மட்டும் புதுசாக வந்த இன்ஜினியர் வேண்டாம் என்றார். மூணாம் நாள் மோட்டாருக்குள் இருக்கிற காயில் கம்பி கருகிவிட்டது. அதனால் உன் வேலை கருகக் கூடாது என்று எனக்கே மனசுக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரும் விட்ட இடத்திலிருந்து எண் விடும் என்று நினைத்துக்கொண்டேன். நீ கடுமையாகச் சொல்லியிருந்தாய். நான் கேட்கவில்லை. கிழக்கு பார்த்து நின்று, குலதெய்வத்தைக் கும்பிட்டு, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கியது இந்தக் கைதான். அத்தையை இனிமேல் சந்தேகப்படாதே.

பிடுங்கினால் நின்றுவிடும் என்றுதானே நினைப்பாய்? யு.பி.எஸ். விடவில்லை. பீக், பீக் என்று ஆரம்பித்தது. உன் அத்தை மணியடிக்க, அதுவும் கூடவே அடிக்க, "பாத்தீங்களா, அதுக்கே எவ்ளோ சந்தோஷம்" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டர் நெற்றியில் மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம், மானிட்டருக்கு நாலு மூலையிலும் பொட்டு, மவுஸுக்கு வயிற்றில் பொட்டு, திறந்து கிடந்த பக்கவாட்டில் கையை விட்டு உள்ளே இருக்கிற குட்டி ஃபேனுக்கும் ஒரு பிடி குங்குமம். கற்பூரம் அணைகிறபோது சரியாக அதுவும் அணைந்தது. "அரை மணியில போட்டுடலாமா?" என்றேன். "படைச்சதை அன்னிக்கே எடுப்பாங்களா? நாளைக்குத்தான்" என்றாள். நாள் முழுக்கப் பொரியும் கடலையும் வாயில் போட்டேன், ஒன்றும் இறங்கவில்லை. நோட்டில் பதினோரு மணிக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் "விடுமுறை" என்று எழுதினேன்.

இன்று காலை ஆறு மணிக்குத் தேங்காய் உடைத்து, பிளக்கை மாட்டி, பொத்தானை அழுத்தினேன். உள்ளே இருந்த குட்டி ஃபேன் சுற்றியது பார், ஒரு பிடி குங்குமமும் ஒரே மூச்சில் என் முகத்துக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், திரை கறுப்பாக இருக்கிறது, மேலே மூலையில் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக் என்கிறது. எண் இல்லை. நான் தட்டிப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன், பம்ப் ஹவுஸ் பாஷையில் நாலு வார்த்தை பேசியும் பார்த்தேன். கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நீ போன் பண்ணினாய். நான் பொய் சொன்னேன். சிவந்த முகத்தோடு சொன்ன பொய், உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பாயைப் போய்ப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்து ஒரு அடி பின்னால் போனார். விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, பாப்பாகிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. கல்யாணத்துல நம்ம ஜெனரேட்டர் நின்னுச்சுன்னா நான் ஓட மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் கைக்கு எட்டுற தூரத்துல போய் நிப்பேன். கிட்ட நின்னா அடிக்க அவனுக்கே கை வராது" என்றார். "பெங்களூர் கைக்கு எட்டாதே பாய்" என்றேன். "அப்ப எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது. அந்த மூணாவது ஆள் விலாசம் கொடுத்தால் நானே போய் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்று, பெண் மேல் தப்பில்லை, ஓட்டுநர் மேல்தான் தப்பு என்று சொல்லத் தயார். பேர் தெரியாதவருக்கு விலாசம் மட்டும் எப்படி இருக்கும் என்று நீ சிரிப்பாய். சிரி. அழாமல் இருந்தால் போதும். நோட்டையும் கூடவே அனுப்புகிறேன், அதில் முந்நூற்று அறுபது எண் இருக்கிறது, ஏதாவது ஒன்றாவது உனக்கு உதவாதா?

உன் இருமல் ஓடிப்போகவும், உன் மாலைகளில் எல்லாம் பொட்டு சரியான மணியில் விழவும், முகம் தெரியாத மூவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல மனசும் உண்டாகவும், என் மேல் உனக்கு வந்திருக்கும் கோபம் ஓசூர் தாண்டுவதற்குள் தணியவும் வேண்டி, ஆசீர்வாதம் பண்ணும் யோக்கியதை இந்த வாரம் இல்லாத

உன் மாமா,
ம. தணிகாசலம்
ஓட்டுநர் (விடுமுறையில்)

பின்குறிப்பு: மேலே உள்ள கடிதத்தை முழுசாக வாபஸ் வாங்குகிறேன். உறைக்குள் போட்டு ஒட்டிய பிறகு விஜயராகவன் வந்தான். நான் அவனை இழுத்துக்கொண்டு போய்க் கறுப்புத் திரையைக் காட்டினேன். "பாஸ்வேர்டு கேக்குது மாமா, அவ்ளோதான்" என்றான். "எண்ணெல்லாம் போச்சேப்பா! பேப்பர் போச்சே!" என்று நான் தலையில் அடித்துக்கொள்ள, அவன் முதலில் சிரித்தான், பிறகு என் நோட்டைப் புரட்டினான், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டுச் சொல்லிவிட்டான். பெங்களூரில் உனக்குப் பெரிய மிஷின் கொடுத்தார்களாம், இங்கே ஒரு மாசம் ஓட வேண்டியது அங்கே இரண்டே நாளில் முடிந்ததாம், பதினாறாம் தேதியே மூணாவது ஆளுக்குப் பதில் போய்விட்டதாம். "அப்ப இது எதுக்கு ஓடிச்சு?" என்றேன். "நீங்க மணிக்கு மணி நோட்டுல எழுதுறீங்கன்னு அத்தை போன்ல சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் நிறுத்துங்கன்னு சொல்ல ஹேமாவுக்கு மனசு வரலை மாமா" என்றான்.

ஆக, நான் ஒரு நாள் பொய் சொன்னேன், நீ அஞ்சு நாள் சொல்லியிருக்கிறாய். கிழக்கு பார்த்து நின்று நீதான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பாஸ்வேர்டு விஜயராகவனுக்கும் தெரியுமாம், அவனை மறுபடி அதை ஓட்டிவிடச் சொன்னேன். மணி ஆறே கால், எண் மூன்று, மின்சாரம் உண்டு. காலையில் ஏழு மணிக்கு நீ கூப்பிடாமல் இருந்துவிடாதே. "ஓடுதா மாமா?" என்று கேள். ஓடுகிறது என்பேன்.

அத்தைக்கு மட்டும் பதில் போய்ச் சேர்ந்தது தெரிய வேண்டாம். அவள் நேற்றுக் கற்பூரம் காட்டும்போது மனசுக்குள் வேண்டிக்கொண்டதை இப்போதுதான் விஜயராகவனிடம் காபி கொடுத்துக்கொண்டே சொன்னாள். உன் பேப்பரை அந்த மூணு பேரும் ஒத்துக்கொண்டால் வீராம்பட்டினம் அம்மனுக்கு மொட்டை போடுகிறாளாம். அவளுக்கு இல்லை, எனக்கு. மீசையும் சேர்த்து. முப்பத்தோரு வருஷம் அரசாங்கம் பார்த்துப் பயந்த மீசை ஹேமா. ஆகையால் நல்ல செய்தி வந்தால் நிதானமாக இரு, ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம், ஒரு மாசம் கழித்தும் சொல்லலாம், ஒன்றும் அவசரமில்லை என்றுதான் முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டேன், பார். மூணாவது ஆள் சரி என்று சொன்ன நிமிஷமே போன் பண்ணு, ஏழு மணிக்குக் காத்திருக்காதே. முடி முளைத்துவிடும்.